கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பல்பு

பின்பால் ஆடியவர்களிடம் அன்று எத்தனை புள்ளி எடுத்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. மெஷினின் பெயரைக் கேட்டாலும் பல சமயம் வராது. "சிவப்பாக ஒரு கொம்பு வைத்த பூதம் இருக்குமே, அது" என்பார்கள்; அல்லது "குதிரை ஒன்று ஆளை உதைக்கும், அவன் சுற்றிச் சுற்றி விழுவான்" என்பார்கள். பந்து ஓடிய வழி, உருக்குக் கம்பியில் அது பட்ட சத்தம், கடைசிப் பந்து நடுவில் நழுவிப் போன எரிச்சல் எல்லாம் மங்கிப் போகின்றன. படம் மட்டும் இருக்கிறது. எஞ்சுவதைப் பற்றி யோசித்தால் என் நினைவுக்கு வருவது தென் லண்டனின் ஒரு மூலை. அதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் தமிழில் எழுதினால் 'மிச்சம்' என்று ஆகிவிடுகிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பெரிய குடியிருப்பு என்று பொருளாம். தமிழன் கண்ணுக்கு அது எப்போதும் எஞ்சியதைத்தான் சொல்லும். ஊர் நடுவில் ஃபேர் கிரீன் என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரில் சந்தைத் திருவிழா இருக்கிறது, திடலில் இல்லை. 1920களிலேயே அந்தத் திருவிழாவைப் பக்கத்திலுள்ள த்ரீ கிங்ஸ் பீஸ் என்ற புல்வெளிக்கு மாற்றிவிட்டார்கள். எஞ்சி நிற்பது எது, ஏன் என்ற கேள்விக்கு இந்த ஊர் பொருத்தமானது. பின்பால் மெஷினில் படம் ஏன் எஞ்சுகிறது என்று யோசிக்கும்போது எனக்குக் கிடைக்கும் பதில் இது: அந்தப் படம் மெஷினுக்குப் பூசிய அலங்காரம் அல்ல, மெஷினின் வேலை செய்யும் உறுப்புகளில் ஒன்று. அதை ஓவியமாக மட்டும் பார்த்துப் பழிப்பவர்களும் சரி, ஓவியமாக மட்டும் பார்த்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுபவர்களும் சரி, ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

மிச்சம் திருவிழாவிலிருந்தே தொடங்கலாம். ஆகஸ்ட் நடுவில் மூன்று நாள். பெரிய பொன்வண்ணச் சாவி ஒன்றைத் தூக்கிக் காட்டித் திறந்துவைக்கும் சடங்கு. ராட்டினம், ஊஞ்சல் படகு, குறிபார்த்துச் சுடும் கடை. இவற்றின் முகப்புப் பலகைகளில் ஓர் அங்குலம்கூட வெறுமையாக விட்டதில்லை. சிங்கம், புலி, ராணி, கார் பந்தயக்காரன், சுருள் எழுத்து. இந்தப் பலகைகளை எழுதியவர்களில் பெயர் தெரிந்த ஒருவர் ஃப்ரெட் ஃபௌல். 1914இல் பிறந்து 1983இல் மறைந்தவர். போருக்குப் பின் தென் லண்டனில் ஹால் அண்ட் ஃபௌல் என்ற பெயரில் கூட்டாகத் தொழில் செய்தவர். திருவிழா ஓவியர்களிடம் ஒரு முறை உண்டு. பலகையில் முதலில் வெள்ளித் தகட்டையோ அலுமினியத் தகட்டையோ ஒட்டிவிடுவார்கள். அதன்மேல் கண்ணாடி போல ஊடுருவும் வண்ண வார்னிஷ் பூசுவார்கள். பல்பு வெளிச்சம் வண்ணத்துக்குள் புகுந்து, அடியிலுள்ள தகட்டில் பட்டுத் திரும்பி வரும்போது சிவப்பு எரியும், பச்சை நனைந்திருக்கும். பகலில் அதே பலகை கொஞ்சம் அசடு வழியும். பொழுது சாய்ந்து நீராவி எஞ்சினோடு பூட்டிய டைனமோ ஓடத் தொடங்கியதும்தான் அதற்கு உயிர். ஆக, ஓவியன் வண்ணத்தை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வரும், பார்ப்பவன் எவ்வளவு தூரத்தில் எந்த வேகத்தில் நடந்து வருவான் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட்டான். நம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் மூங்கில் சட்டத்தில் சீரியல் விளக்குக் கட்டி அம்மன் உருவம் செய்பவரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். பகலில் அது வெறும் வயர்க் குவியல்.

பின்பாலின் முன்கதையை விரைவாகக் கடந்துவிடலாம். பிரெஞ்சு மாளிகைகளின் பகட்டெல் மேசை அதன் பாட்டி. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் சின்சினாட்டிக்குப் போன மான்டேக் ரெட்கிரேவ் 1871இல் அதில் ஸ்பிரிங் வைத்து உந்தும் தண்டைச் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். 1931இல் சிகாகோவின் டேவிட் கோட்லிப் 'பாஃபிள் பால்' என்ற மேசைப் பெட்டியைக் கொண்டுவந்தார். மறுவருடம் ரே மொலோனி 'பாலிஹூ'வைக் கொண்டுவந்தார், அதன் பெயரிலிருந்தே பாலி கம்பெனி உருவானது. பெருமந்தக் காலம், ஒரு சென்ட் போட்டால் சில நிமிடம் கவலை மறக்கலாம். அந்தப் பெட்டிகளில் விளக்கும் இல்லை, நிமிர்ந்து நிற்கும் முகப்பும் இல்லை. ஹாரி வில்லியம்ஸ் போன்றவர்கள் 1933 வாக்கில் மின்சாரத்தைக் கொண்டுவந்த பிறகு மேசையின் தலைமாட்டில் ஒரு பெட்டி எழுந்தது. அந்தப் பெட்டியின் முன்பக்கம்தான் நம் விஷயம்: பேக்கிளாஸ் என்று தொழிலில் சொல்லும் முகப்புக் கண்ணாடி.

அதைச் செய்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடியின் பின்பக்கத்தில், இடவலம் மாற்றி, நிறத்துக்கு ஒரு திரையாக அச்சிட்டார்கள். சாதாரண ஓவியத்தில் கடைசியாக வருவது இங்கே முதலில் வரும்: கண்ணின் கருமணி, உதட்டின் கோடு, எழுத்தின் விளிம்பு. அதற்குப் பின் சதை நிறம், அதற்குப் பின் உடை, அதற்குப் பின் வானம். எல்லாம் முடிந்த பிறகு ஒளி புகாத பூச்சு ஒன்றை அடிப்பார்கள். ஆனால் முழுக்க அடிக்கமாட்டார்கள். எங்கே வெளிச்சம் வர வேண்டுமோ அங்கே மட்டும் இடம் விடுவார்கள். அந்த இடைவெளிகளுக்குப் பின்னால் 6.3 வோல்ட் குட்டி பல்புகள். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தைச் செய்பவரைப் பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதில்லை. அங்கும் நகையின் கோடு முதலில், திருமுகத்தின் நிழல் பிறகு, பின்னணி வண்ணம் கடைசி. விட்ட இடங்களில் பளபளக்கும் தகட்டை வைத்துக் கட்டிவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் நிறைந்திருந்த கலை அது. கண்ணனையும் கௌபாயையும் ஒரே வரியில் வைக்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். நான் ஒப்பிடுவது பொருளை அல்ல, கைவேலையின் வரிசையை. தவறு செய்தால் மேலே பூசி மறைக்க முடியாத வேலை இரண்டும். முதலில் வைத்த கோடுதான் என்றென்றும் முன்னால் நிற்கும். கண்ணாடிக்குப் பின்னால் தகடு வைத்தால் தஞ்சாவூர், பலகைக்கும் வண்ணத்துக்கும் நடுவில் தகடு வைத்தால் மிச்சம் திருவிழா, கண்ணாடிக்குப் பின்னால் பல்பை வைத்தால் சிகாகோ.

இந்தப் படம் என்ன வேலை செய்கிறது? முதல் வேலை புள்ளிக் கணக்கு. 1950களின் நடுப்பகுதிவரை உருளும் எண் சக்கரங்கள் பரவலாகவில்லை. புள்ளி என்பது கண்ணாடியில் அச்சான எண்தான். அதன் பின்னால் பல்பு எரிந்தால் அத்தனை புள்ளி உமக்கு. ஆகவே ஓவியர் படத்தை வரையும்போதே ஆயிரங்களையும் லட்சங்களையும் எங்கே மறைத்து வைப்பது என்று யோசித்தாக வேண்டும். கோட்லிப் 1947இல் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' மட்டையடிக்கும் ஃபிளிப்பர்களை முதலில் கொண்டுவந்த ஆட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள்; ஆட்டக்காரன் பந்தைத் தன் விருப்பப்படி திருப்பி அடிக்க முடிந்தது அதில்தான். அதன் முகப்புக் கண்ணாடியிலும் எண்கள் படத்தோடு படமாக நின்று ஒவ்வொன்றாக ஒளிரும். ஆடுபவன் விளையாட விளையாட ஓவியம் மாறிக்கொண்டே போகிறது. இப்படியொரு ஓவியம் வேறெங்கே இருக்கிறது? 1965இல் வந்த 'பக்கரூ'வில் கண்ணாடிக்கு உள்ளேயே ஒரு குதிரை. சரியான இலக்கில் பந்து பட்டால் அது காலை உதைக்கும், கௌபாய் கரணம் அடிப்பான். நினைவில் நிற்கும் அந்தக் குதிரை புள்ளி எண்ணும் கருவியின் ஒரு பாகம். யாரும் அதை ஓவியமாக நினைவில் வைக்கவில்லை, கருவியாகவும் நினைவில் வைக்கவில்லை, நிகழ்ச்சியாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது வேலை தூரத்தைப் பங்கு போடுவது. மெஷினில் மூன்று வகைப் படங்கள் உண்டு, மூன்றும் மூன்று தூரங்களுக்கானவை. பெட்டியின் பக்கவாட்டில் ஸ்டென்சில் வைத்துத் தெளித்த இரண்டு மூன்று நிறங்கள்; நட்சத்திரம், மின்னல், கூர்முனை. தெருவிலிருந்து கடைக்குள் எட்டிப் பார்ப்பவனுக்கு அது போதும். கதவைத் தாண்டியவனுக்கு முகப்புக் கண்ணாடி. கையை மெஷின்மேல் வைத்துவிட்டவனுக்கு ஆட்டப் பலகை: ஒட்டுப்பலகையில் அச்சிட்டு வார்னிஷ் பூசியது. அங்கே படம் பேசுவது கட்டளை மொழி. இந்த அம்பின் வழியே போ, இந்த வட்டத்தைத் தொடு, விளக்கு எரியும்போது இதற்கு இரட்டைப் புள்ளி. விதிமுறை அட்டையை யாரும் படித்ததில்லை. எழுத்து முழுதாகத் தெரியாத பிள்ளைகளும், ஆங்கிலம் தெரியாமல் வந்து இறங்கியவர்களும் ஆட்டத்தைப் படத்திலிருந்தே கற்றுக்கொண்டார்கள். சிகாகோவில் அச்சான ஒரு பலகை இத்தாலியின் காபிக் கடையிலும் இங்கிலாந்தின் கடற்கரை ஆர்கேடிலும் மொழிபெயர்ப்பு இல்லாமல் ஓடியது என்றால் அதற்குக் காரணம் இந்தப் படமொழிதான். பெட்டிக்குள் ஓடுவதோ 80 கிராம் எடையுள்ள உருக்குக் குண்டு. எல்லா மெஷினிலும் அதே குண்டு, அதே போன்ற ரப்பர் வளையம். அதைக் கடலடியாகவும் குத்துச்சண்டை மேடையாகவும் விண்வெளியாகவும் ஆக்கியது வண்ணம் மட்டுமே. கிரீடம் ஏறியதும் பக்கத்துத் தெரு ஆள் துரியோதனன் ஆகிவிடுவதைத் தெருக்கூத்தில் நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். அந்தக் கிரீடத்தை அலங்காரம் என்று யாராவது சொல்வார்களா?

வரைந்தவர்கள் யார்? பெரும்பாலான கண்ணாடிகளில் கையெழுத்து கிடையாது. சிகாகோவின் அட்வர்டைசிங் போஸ்டர்ஸ் என்ற அச்சகமே பல கம்பெனிகளுக்கும் கண்ணாடி அச்சிட்டது. கோட்லிப்பின் மெஷின்களுக்கு 1930களிலிருந்து 1960களின் நடுப்பகுதிவரை வரைந்த ராய் பார்க்கர் அந்த உலகத்தின் கொண்டைய ராஜு எனலாம். கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சில் ஏறித் தமிழ்நாட்டின் பூஜை அறைகளையெல்லாம் நிறைத்தன. கும்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு ஓவியரின் பெயர் தெரியும்? பார்க்கரின் கண்ணாடிகளும் அப்படித்தான். அவருடைய கூட்டக் காட்சிகளில் மூலையில் நிற்கும் ஒருவன் தொப்பியைத் தவற விடுவான், ஒரு நாய் எதையாவது இழுத்துக்கொண்டு ஓடும். பந்து கீழே போன பிறகு, அடுத்த காசைத் தேடும் கையோடு சும்மா நிற்கும் அந்த அரை நிமிடத்துக்காக வரைந்த குறும்புகள் இவை. பின்னால் வந்த கிறிஸ்டியன் மார்ஷ், முகமும் முழங்கையும் கூர்மையான கோணங்களாக மனிதர்களை வரைந்தார். சேகரிப்பாளர்கள் அவர்களைக் கூர்முனை மனிதர்கள் என்றே அழைக்கிறார்கள். 1972இன் 'ஸ்பானிஷ் ஐஸ்' அதற்கு உச்சம். பாலிக்கு வரைந்த டேவ் கிறிஸ்டென்சன் வேறு மாதிரி. 1972இன் 'ஃபயர்பால்' முகப்பில் தீக்குண்டு எறியும் பூதம் அவருடையது. எல்டன் ஜானை வைத்து 1976இல் வந்த 'கேப்டன் ஃபென்டாஸ்டிக்' கண்ணாடியும் அவருடையதே. 16,000க்கு மேல் விற்ற மெஷின். அதன் கூட்டத்துக்குள் அவர் ஒளித்துவைத்த விரசமான சில்மிஷங்களைக் கம்பெனி பிறகு கவனித்து, வெள்ளி நட்சத்திரங்களால் மறைத்தது. அந்த ஆட்டமே லண்டனுக்குக் கடன்பட்டது. தி ஹூ குழு 1969இல் வெளியிட்ட 'டாமி'யில் பின்பால் ஆடும் பிள்ளை வந்தான். 1975இல் கென் ரஸ்ஸல் அதைப் படமாக்கியபோது எல்டன் ஜான் நடித்தார். சிகாகோக்காரர்கள் அந்தப் புகழைக் கண்ணாடியில் ஏற்றி இங்கேயே திருப்பி விற்றார்கள்.

இனி எதிர்ப்பக்கம். முதல் வாதம் எளிமையானது, வலுவானதும்கூட: இது காசு பறிக்கும் தூண்டில், தூண்டிலின் புழுவுக்குக் கலை என்று பெயர் வைக்காதே. நியூயார்க் மேயர் லா கார்டியா 1942இல் பின்பாலைத் தடை செய்து, பத்திரிகைக்காரர்கள் பார்க்கச் சம்மட்டியால் மெஷின்களை உடைத்தார். 1976இல்தான் அங்கே தடை நீங்கியது. மெஷின்கள் பிறந்த சிகாகோவிலேயே நெடுங்காலம் அவற்றை ஆட முடியவில்லை. இங்கிலாந்தில் குரல் வேறு விதமாக எழுந்தது. ரிச்சர்ட் ஹொகார்ட் 1957இல் எழுதிய நூலில், உழைக்கும் மக்கள் தமக்கென்று வளர்த்துக்கொண்ட பண்பாட்டை இறக்குமதிப் பளபளப்பு அரிக்கிறது என்று வருந்தினார். ஜூக்பாக்ஸ் அலறும் மில்க் பார்களில் பையன்கள் பொழுதைத் தொலைப்பது அவருக்கு அதன் அடையாளம். அவரை லேசாகத் தள்ளிவிட முடியாது, அவர் அந்த மக்களிலிருந்தே வந்தவர். ஆனாலும் கணக்கில் ஒன்றை அவர் சேர்க்கவில்லை. மெஷினில் காசு கேட்டது ஆட்டம், படம் கேட்கவில்லை. காசில்லாதவனும் பக்கத்தில் நின்று, அடுத்தவன் ஆடும்போது ஒளிரும் கண்ணாடியை இலவசமாகப் பார்க்கலாம், பார்த்தார்கள். ஈர்ப்பதற்காகச் செய்தது என்பதால் ஒரு படம் கீழானது ஆகிவிடுமானால், சென்னை அண்ணா சாலையில் நின்ற சினிமா பேனர்களைப் பற்றியும் பேச முடியாது, ராஜகோபுரத்தைப் பற்றியும் பேச முடியாது. தூரத்தில் வருபவனை உள்ளே அழைப்பதுதான் கோபுரத்துக்கும் வேலை. அழைத்த பிறகு உள்ளே என்ன கொடுத்தாய் என்பது வேறு கேள்வி. அதில் மெஷின் முதலாளிகள் குற்றவாளிகளாக இருக்கலாம், ஓவியர் அல்ல.

ஹொகார்டுக்கு முன்பே இதற்கு ஒரு பதில் லண்டனில் தயாராக இருந்தது என்பது எனக்கு வியப்பூட்டும். மிச்சத்துக்கு அடுத்த ஊரான கிராய்டனில் 1912இல் பிறந்த ஓவியர் பார்பரா ஜோன்ஸ், 1951இல் பிரிட்டன் முழுக்க விழாக் கொண்டாடியபோது, வைட்சேப்பல் கேலரியில் 'பிளாக் ஐஸ் அண்ட் லெமனேட்' என்று ஒரு கண்காட்சி நடத்தினார். திருவிழாப் பலகைகள், கடை விளம்பரங்கள், நாய் உருவத்தில் செய்த கணப்படுப்பு, பேசும் எலுமிச்சம்பழம். பழைய நாட்டுப்புறக் கைவேலைக்கு மட்டும் மரியாதை, தொழிற்சாலையில் செய்ததற்கு இல்லை என்ற பிரிவினையை அவர் ஏற்கவில்லை. மக்கள் விரும்பிப் பார்க்கும் எதையும் எடுத்து வைத்தார். அதே ஆண்டு இந்தக் கலைகளைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பத்து வருடம் கழித்து இளைய ஓவியர்கள் அந்த வழியில் கூட்டமாக வந்தார்கள். பீட்டர் பிளேக் திருவிழாப் பலகைகளிடமிருந்து எழுத்தையும் பதக்கத்தையும் எடுத்துக்கொண்டார். பீட்டர் பிலிப்ஸ் தன் பெரிய ஓவியங்களை விளையாட்டு மெஷினின் முகப்பைப் போலவே கட்டங்களாகப் பிரித்து வரைந்தார், 1961இல் அவர் வரைந்த 'என்டர்டெயின்மென்ட் மெஷின்' இன்று டேட் சேகரிப்பில் இருக்கிறது. இவர்களைப் பாப் கலைஞர்கள் என்று உலகம் கொண்டாடியது, கொண்டாடட்டும். ஆனால் பிலிப்ஸின் திரைச்சீலையில் பல்பு எரிவதில்லை, எண் மாறுவதில்லை. மெஷினிலிருந்து அவர் எடுத்தது தோற்றத்தை. ராய் பார்க்கர் செய்தது வேலையை. அருங்காட்சியகத்துக்குள் போனது எது என்று பார்த்தால் நம் காலத்தின் மதிப்பீடு தெரிந்துவிடும்.

இதைவிடக் கடினமான எதிராளி ஒருவர் இந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தார். மிச்சத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் வாண்டில் ஆற்றின் கரையில், மெர்ட்டன் ஆபியில், வில்லியம் மாரிஸ் 1881இல் தன் பட்டறையை அமைத்தார். ஆற்று நீரில் துணி அலசி, மர அச்சுக் கட்டையால் நிறத்துக்கு ஒரு கட்டையாக அழுத்தி, அவுரித் தொட்டியில் தோய்த்து எடுத்த சீட்டித் துணிகள் அங்கே உருவாயின. 1883இன் 'ஸ்ட்ராபெரி தீஃப்' அவற்றில் பேர் போனது. சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகளைப் பார்த்து ஏங்கிய இங்கிலாந்து, அவற்றைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டுத் தானே அச்சிடக் கற்றுக்கொண்ட ஆறுகளில் வாண்டிலும் ஒன்று. மாரிஸ் அதன் கடைசிப் பெரிய வாரிசு. செய்பவனுக்கு மகிழ்ச்சி தராத வேலையில் பிறந்த அலங்காரம் பொய்யானது என்பது அவர் கொள்கையின் சாரம். அவரை எழுப்பிக் கொண்டுவந்து ஒரு பின்பால் மெஷின்முன் நிறுத்தினால் என்ன சொல்வார்? தொழிற்சாலைச் சரக்கு, கூலிக்கு வரைந்த படம், ஆயிரக்கணக்கில் நகல் என்று திரும்பி நடந்துவிடுவார் என்றுதான் தோன்றும். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. நிறத்துக்கு ஒரு கட்டை என்பதும் நிறத்துக்கு ஒரு திரை என்பதும் தூரத்து உறவு அல்ல, பங்காளி உறவு. இரண்டிலும் ஓவியன் தன் கோட்டை அச்சின் ஒழுங்குக்குள் அடக்கியாக வேண்டும். எத்தனை நிறம், எது எதன்மேல் ஏறும், எங்கே வெள்ளையை விட வேண்டும் என்ற கணக்கில்தான் அழகு பிறக்கிறது. பயன்படும் பொருளிலிருந்து அலங்காரத்தைப் பிரிக்காதே என்பதை மாரிஸைப் போல வற்புறுத்தியவர் யாரும் இல்லை. அந்த அளவுகோலால் பார்த்தால் கூடத்தில் தொங்கும் எண்ணெய் ஓவியத்தைவிடப் புள்ளி சொல்லும் கண்ணாடிக்கே அவர் பக்கம் நியாயம் அதிகம். மேலும், பொதுவுடைமை பேசிய அந்த மனிதரின் தீராத குறை, தன் துணியும் திரையும் பணக்காரர் வீட்டுக்குள்தான் போகின்றன என்பது. மீன் பொரிக்கும் கடையின் மூலைக்குப் போய்ச் சேர அவரால் முடியவில்லை. மெஷினால் முடிந்தது. சிகாகோ தொழிலாளி மகிழ்ந்து அச்சிட்டாரா என்று மாரிஸ் மடக்கினால் என்னிடம் பதில் இல்லை. பார்க்கரின் நாய் மகிழ்ச்சியில்லாத கையிலிருந்து ஓடி வந்திருக்காது என்று மட்டும் சொல்வேன்.

இன்னொரு குற்றச்சாட்டுக்கு மழுப்பல் உதவாது. இந்தக் கண்ணாடிகளில் பெண்கள் எப்படி இருக்கிறார்கள்? பெரும்பாலும் துணி குறைவாக, இடுப்பு ஒடிந்து, ஆடுபவனைப் பார்த்துச் சிரித்தபடி. 1950களின் குறும்பு 1970களில் வெறும் உடம்பாகிவிட்டது. 1978இல் பாலி ஒரு ஆண்கள் பத்திரிகையின் பெயரிலேயே மெஷின் செய்தது. பாரில் நின்று குடிக்கும் ஆண்தான் வாடிக்கையாளன் என்ற முடிவு ஓவியருக்கு முன்பே கம்பெனியில் எடுத்தது. காலம் அப்படி என்று சொல்லி இதைக் கழுவிவிட முடியாது, அதே காலத்தில் பின்பால் ஆடிய பெண்களும் இருந்தார்கள். என் வாதத்துக்குள்ளேயே இதற்கான தண்டனை இருக்கிறது. படம் அலங்காரம்தான் என்றால் மன்னித்து விட்டுவிடலாம். படம் மெஷினின் உறுப்பு, யார் வரலாம், எப்படி ஆடலாம் என்று அதுவே சொல்கிறது என்று நான் சொல்வதால், யார் வர வேண்டாம் என்று அது சொன்னதற்கும் அதுவே பொறுப்பு. பூதங்களும் குதிரைகளும் மனதில் நிற்கும் அளவுக்கு அந்தப் பெண்கள் தனித்தனி முகமாக யார் நினைவிலும் நிற்பதில்லை. வரைந்தவர்கள் அவர்களுக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை.

கடைசியாக, சேகரிப்பாளர்களின் கட்சி. படம் இவ்வளவு நல்லதென்றால் அதை மட்டும் கழற்றிக் காப்பாற்றுவதில் என்ன தப்பு? மெஷின் 100 கிலோவுக்கு மேல். லண்டன் வீடுகளின் அளவு எல்லோருக்கும் தெரியும். நியாயமான கேள்வி. கண்ணாடிக்கு முதல் எதிரி அதன் பல்பேதான். பல வருடம் எரிந்த சூட்டில் வண்ணம் உலர்ந்து செதில் செதிலாக உதிரும். கழற்றிச் சுவரில் மாட்டினால் நிச்சயம் இன்னும் நாற்பது வருடம் கூடுதலாக இருக்கும். தேரை ஓட்டினால் சக்கரம் தேயும், ஓட்டாவிட்டால் தேர்முட்டியில் மரம் மட்டும் இருக்கும் என்ற பழைய சங்கடம்தான் இது. நடு வழி என்று எல்இடி பல்பு வந்திருக்கிறது: சூடு இல்லை, வண்ணம் பிழைக்கும். ஆனால் மஞ்சள் இழைப் பல்பின் வெளிச்சத்துக்குக் கலந்த சிவப்பு, எல்இடியின் வெள்ளையில் வேறு சிவப்பு ஆகிவிடுகிறது. பூச்சு மெலிந்த இடங்களில் ஊசி ஊசியாக ஒளி எட்டிப் பார்க்கிறது. மஞ்சள் சாயலுள்ள எல்இடியைத் தேடி வாங்கிப் போடுபவர்கள், எனக்குத் தெரிந்தவரை, இந்தக் கலையை உள்ளபடி புரிந்துகொண்டவர்கள். தொழிலே பிறகு திசை மாறிவிட்டது. 1980களில் கண்ணாடி அச்சுக்குப் பதில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் நான்கு நிற அச்சு வந்தது. அதில் சாயல்கள் நுணுக்கமாயின, 1992இன் 'ஆடம்ஸ் ஃபேமிலி' 20,000க்கு மேல் விற்றுச் சாதனையும் படைத்தது. எண்களோ படத்தை விட்டு வெளியேறித் தனித் திரையில் போய் உட்கார்ந்துகொண்டன. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து டூட்டிங்குக்கும் மிச்சத்துக்கும் வந்து சேர்ந்தவர்கள் கடைகளில் கண்டது பெரும்பாலும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளையே. அவற்றிலும் பக்கவாட்டில் படம் இருந்தது, ஆனால் ஆட்டம் நடந்த இடம் திரை, படம் அதைச் சொல்லும் சுவரொட்டி. அலங்காரம் என்ற சொல் அங்கேதான் முதன்முறையாகப் பொருந்துகிறது.

சுவரில் மாட்டிய பழைய கண்ணாடியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்று புலப்படும். விளக்கு இல்லாததால் முகங்களில் சாம்பல் படிந்திருக்கும், வானம் கனத்துக் கிடக்கும். அது பரவாயில்லை. மெஷினை அசைத்துத் திருட்டாட்டம் ஆடியவனுக்கு எரியும் 'டில்ட்' என்ற சொல்லும், ஆட்டம் முடிந்தது என்ற அறிவிப்பும் கண்ணாடியிலேயே அச்சாகியிருக்கும். பின்னால் பல்பு எரிந்தால் மட்டும் தெரியும்படி இருண்ட நிறத்துக்குள் புதைத்திருப்பார்கள். சுவரில் அவை தெரிவதில்லை. கண்ணைச் சாய்த்துத் தேடினால் எழுத்தின் விளிம்பு மட்டும் தட்டுப்படும்.